பின்விளக்கு ஏன் எரியவில்லை

மக்கா,

விசா வந்துவிட்டது, சென்னையிலிருந்தே விமானம், ஊருக்கு வந்து போக நேரமில்லை, வண்டியைக் கேட்டு வருகிற ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று செய்தி அனுப்பியிருந்தாய். உனக்கு நேரம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். நம் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிற்கிற அந்தப் பழைய பிக்கப்பை இன்னொரு முறை பார்க்க உன்னால் முடியவில்லை. அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தபோதுகூட அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாய். நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நம் வீட்டில் மூன்று பேருமே பேசாமல் இருப்பதில் கெட்டிக்காரர்கள்.

இதை உனக்கு மட்டும் எழுதி உறையில் போட்டிருக்கலாம். நாலு பேர் நடுவில் குரல் உயர்த்தாதவள், ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிவிட்டு நூலகத்துப் புத்தகத்தோடு வீட்டுக்குள் போய்விடுகிறவள், வீட்டு விஷயத்தை அச்சில் கொண்டுவருகிறாளே என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும். ஊர் சத்தமாகச் சொன்ன ஒன்றை உன் காதில் மட்டும் மெதுவாக மறுத்தால் போதாது. அதனால் ஊரும் வாசிக்கட்டும். வண்டியின் ஒயரிங் முழுவதையும் நான் பிரித்துப் பார்த்துவிட்டேன். நீ மாட்டிய ஸ்டீரியோ செட்டையும்தான். கண்டதை முதல் வரியிலேயே சொன்னால் நீ அதோடு மடித்து வைத்துவிடுவாய். வரிசையாகவே சொல்கிறேன்.

நீ சின்னவனாக இருந்தபோது சாயங்காலம் வண்டி கிளம்பும் முன்னால் அப்பா உன்னைத்தான் கூப்பிடுவார். பின்விளக்கு எரிகிறதா என்பது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது, பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவர் உள்ளே இருந்து ஸ்விட்சைப் போட்டு, பிரேக்கை மிதித்து, "எரியுதா ஏலே?" என்பார். நீ தெருவே கேட்கும்படி, "எரியுதுப்பா!" என்பாய். "ரெண்டுமா?" "ரெண்டுந்தாம்ப்பா!" ஒருநாள் இடது பக்க பல்ப் விட்டுவிட்டு எரிந்தபோது, "ஒண்ணு என்னப் பாத்துக் கண்ணடிக்குப்பா" என்றாய். அதை அவர் லோடு ஏற்றுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு நீ பாலிடெக்னிக் விடுதிக்குப் போய்விட்டாய். அவர் கிளம்பும் நேரத்தில் நான் கடையில் இருப்பேன். வழியில் எங்கேயாவது ஃபியூஸ் போய்விட்டால் தெரிய வேண்டுமே என்று அவரே ஒரு ஏற்பாடு செய்தார். டேஷ்போர்டில் இருந்த கோமதி அம்மன் படத்துக்கு ஒரு சிவப்பு பல்ப் வைத்து, அதற்கான ஒயரைப் பின்விளக்கின் லைனிலிருந்தே எடுத்தார். அம்மன் விளக்கு எரிந்தால் பின்விளக்கும் எரிகிறது, அணைந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும். "ஒம் மவனுக்குப் பதிலா இனி சாமி பாத்துச் சொல்லட்டும்" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இப்போதும் அதை முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். பாதி சரியான யோசனை அது. மீதிப் பாதிதான் நம்மைக் கொன்றது.

அடுத்த விடுமுறையில் நீ செட்டு மாட்டினாய். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, டேஷ்போர்டைக் கழற்றி, சீட்டுக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் வைத்தாய். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். "பாட்டு கேக்கவாலே வண்டி ஓட்டுதோம்?" என்று உன்னை வைதார். மறுநாள் துண்டு லோடு ஏற்றும்போது தறிக்காரர்களிடம் சத்தத்தைக் கூட்டி வைத்து, "எம்மவன் போட்டது. பாடுதவன் பின்சீட்டுல உக்காந்து வாற மாதிரியே இருக்குல்லா" என்று பெருமையடித்துக்கொண்டார். பின்சீட்டே இல்லாத வண்டி அது. இதை உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்பதால் நான் சொல்கிறேன்.

நடந்ததை நீ நேரில் பார்க்கவில்லை. ஐப்பசித் தூறல், பொழுது மங்குகிற நேரம். மேலநீலிதநல்லூர் தாண்டியதும் தார்ப்பாய்க் கயிறு தளர்ந்து அடிக்கிற சத்தம் கேட்டு ஓரத்தில் நிறுத்தினார். விளக்கைப் போட்டார். அம்மன் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டே இறங்கினார். வண்டியின் முன்பக்கம் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் இருட்டில் நின்ற வண்டியை வண்டி என்று அறியாமலே வந்து மோதினார். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. வண்டி குலுங்கிய பிறகுதான் பின்னால் போயிருக்கிறார். இறந்துபோன அந்த மனிதர் பிள்ளைகளுக்காக ஒரு பை நிறைய வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனவர். பழம் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது என்பதை மட்டும் அப்பா என்னிடம் பலமுறை சொன்னார். அந்த மனிதரைப் பற்றி ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

போலீஸ்காரர் வந்து பார்த்தபோது, கண்ணாடி உடையாமல் இருந்தும் பின்விளக்கு எரியவில்லை. "சாமி வெளக்கு எரிஞ்சுது சார், அதே லைன்தான் சார்" என்று அப்பா சொல்லியிருக்கிறார். "சாமி வெளக்க வச்சு நான் கேஸ் எழுத முடியுமாவே?" என்று அவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் தவறில்லை. ஊர் அதை வேறு மாதிரி பேசியது. லைட்டே போடாமல் நிறுத்திவிட்டு அம்மன் மேல் பழி போடுகிறான் என்றது. வண்டி ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த பிறகு, பஜாரில் கடை வைத்திருக்கிற எலக்ட்ரீசியன் தம்பி ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவன் தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணாச்சி, எல்லாம் இந்த செட்டு பண்ணுன வேலயா இருக்கும். கரண்ட முழுக்க இது இழுத்துட்டுன்னா சாமி வெளக்கு மாதிரி சின்னது எரியும், பின்னாடி எரியாது" என்றான். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். அவன் தெரு முனை திரும்பியதும் அப்பா ஒயர் வெட்டுகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு போய் செட்டின் ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. வெட்டி, செட்டையும் ஸ்பீக்கரையும் சாக்கில் கட்டி, பரணில் போட்டார்.

பொங்கலுக்கு நீ வந்தபோது டேஷ்போர்டில் அந்த ஓட்டையைப் பார்த்தாய். "செட்டு எங்கப்பா?" என்றாய். "தேவையில்ல" என்றார். அவ்வளவுதான். அன்று டீக்கடையில் யாரோ, "மகன் மாட்டுன செட்டு ஒரு மனுசன முழுங்கிட்டு" என்று சொல்வதைக் கேட்டுவிட்டு வந்தாய். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். அப்பா உன்னைக் குற்றவாளி என்று தீர்மானித்துத்தான் செட்டைப் பிடுங்கிவிட்டார் என்று நீ முடிவு செய்தாய். அவர் ஏன் பிடுங்கினார் என்பது எனக்குத் தெரியும். "கோர்ட்டுல கேட்டா செட்டு நாந்தான் மாட்டுனேன்னு சொல்லப்போறேன். ஒயரப் பாத்து யாரும் அவன் கைவேலன்னு சொல்லிரப்படாது. நீ வாயத் தொறக்காத ஏட்டி" என்று என்னிடம் சொன்னார். உன்னை மறைக்கத்தான் வெட்டினார். ஆனால் உன் வேலைதான் காரணம் என்று அவரும் நம்பினார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழக்கு முடியும் முன்னால், ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அந்த நம்பிக்கையோடுதான் போனார்.

வண்டியைக் கேட்டு கோவில்பட்டி ஆள் வந்தபோது, லைட்டெல்லாம் எரிந்தால்தான் எடுப்பேன் என்றான். எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டேன். "அக்கா, இத நோண்டிக்கிட்டு இருக்க முடியாது. பழைய ஒயர மொத்தமா உருவிப் போட்டுட்டுப் புதுசு இழுத்திருவோம்" என்றான். உருவிப் போட்டால் அதோடு கேள்வியும் குப்பைக்குப் போய்விடும். வேண்டாம், உன் டெஸ்ட் லேம்ப்பை மட்டும் கொடு என்றேன். முனையில் ஊசியும் வாலில் கிளிப்பும் உள்ள சின்ன பல்ப் அது. "உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேல? புஸ்தகத்துல படிச்சு ஒயரிங் பண்ணவா?" என்று சிரித்தான். ஆமாம் என்றேன். உன்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. ஓரங்களில் நீ வரைந்த கார் படங்களோடு அந்தப் பாடத்தை இரண்டு முறை வாசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், வண்டியின் பேட்டரி செத்துக் கிடந்ததால் ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தேன். எதிர்வீட்டுக்காரி, "ஏட்டி, வண்டிக்கடியில என்னத்தத் தேடுத? கம்மல் விழுந்துட்டா?" என்றாள். "இல்லக்கா, வெளக்கத் தேடுதேன்" என்றேன். புருசன் போனதில் இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் உன் வேலையைச் சொல்கிறேன். நன்றாகச் செய்யவில்லை நீ. பேட்டரியிலிருந்து நேராக ஒரு சிவப்பு ஒயரை இழுத்து வந்திருக்கிறாய், நடுவில் ஃபியூஸ் இல்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வருகிற ஓட்டையில் ரப்பர் வளையம் போடவில்லை, தகரத்தின் விளிம்பு ஒயரின் தோலைப் பாதி அறுத்திருந்தது. இணைப்புகளை முறுக்கி டேப் மட்டும் சுற்றியிருக்கிறாய், வெயிலில் பசை உருகி டேப் கழன்று தொங்கியது. ஒருநாள் அது வண்டியையே எரித்திருக்கும், உன் அப்பாவும் உள்ளே இருந்திருப்பார். போகிற ஊரில் நீ மின்சார வேலைதான் பார்க்கப்போகிறாய். அங்கே எந்த ஒயரை இழுத்தாலும் முதலில் ஃபியூஸ் போடு. யாரும் பார்க்காத இடத்தில் போடுகிற முடிச்சைத்தான் கவனமாகப் போட வேண்டும். உன்னை ஆறுதல்படுத்துவதற்காக நான் எதையும் மூடி மறைக்கவில்லை என்று நீ நம்ப வேண்டும் என்பதால்தான் இத்தனையையும் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்து நான் சொல்லப்போவதையும் நீ நம்ப வேண்டும்.

அப்பா வெட்டிப்போட்ட உன் ஒயர்களைப் பழையபடி சேர்த்தேன். பரணிலிருந்து செட்டை இறக்கி மாட்டினேன். அன்று இருந்ததைப் போலவே எல்லாம் இருக்க வேண்டும் அல்லவா. பாட்டைப் போட்டேன், நன்றாகப் பாடியது. லைட் ஸ்விட்சைப் போட்டேன். அம்மன் விளக்கு எரிந்தது. இறங்கிப் பின்னால் போனேன். பின்விளக்கு இரண்டும் எரியவில்லை. பாட்டை நிறுத்தினேன், எரியவில்லை. செட்டை முழுவதுமாகக் கழற்றிக் கீழே வைத்தேன். அப்போதும் எரியவில்லை. செட்டே இல்லாத வண்டியிலும் அம்மன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, பின்விளக்கு எரியாமல் இருந்தது. அந்தக் குறட்டைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவர் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கலாம்.

பிறகு பின்விளக்கின் கண்ணாடியைக் கழற்றினேன். கிளிப்பைச் சுத்தமான இரும்பில் மாட்டி, ஊசியை பல்ப் மாட்டுகிற இடத்தில் வைத்தேன். டெஸ்ட் லேம்ப் பிரகாசமாக எரிந்தது. கரண்ட் அதுவரைக்கும் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. உன் செட்டு அதில் ஒரு சொட்டுக்கூடத் திருடவில்லை. உன் புத்தகத்தில் இருக்கிறது, கரண்ட் போய்ச் சேர்ந்தால் மட்டும் விளக்கு எரியாது, அது திரும்பிப் போகவும் வழி வேண்டும். அந்தத் திரும்பும் வழி ஒரு கறுப்பு எர்த் ஒயர். இரண்டு பின்விளக்குக்கும் சேர்த்து அது ஒன்றுதான், பாடிக்கு அடியில் சேஸிஸ் சட்டத்தில் ஒரு போல்ட்டில் போய் முடிகிறது. தவழ்ந்து போய் அதைத் தொட்டேன். கையோடு வந்துவிட்டது. போல்ட் இருந்த இடத்தில் துரு ஏடு ஏடாக உரிந்து கிடந்தது. ஒயரின் தோலுக்குள் செம்புக்குப் பதில் பச்சைப் பொடி. அம்மன் விளக்குக்கு எர்த் டேஷ்போர்டுக்கு அடியிலேயே தனியாக இருந்தது. அதனால் அது மட்டும் கடைசிவரை எரிந்தது.

ஏன் அந்த இடம் மட்டும் என்று உனக்குத் தெரியும். தறி ஓடாத மாதங்களில் அவர் தூத்துக்குடியிலிருந்து உப்பு லோடு அடித்தார். சாக்கிலிருந்து வடிகிற தண்ணீர் அந்த மூலையில்தான் இறங்கும். உப்பு இறக்கினால் வண்டியின் அடியைக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முடிந்த நாட்களில் கழுவினார். முடியாத நாட்களும் இருந்தன. துரு அந்த நாட்களை எடுத்துக்கொண்டது.

இரும்பைச் சுரண்டி வெள்ளையாக்கி, புது எர்த் ஒயர் போட்டு இறுக்கினேன். இரண்டு விளக்கும் எரிந்தன. பிரேக் பெடலில் செங்கல்லை வைத்துவிட்டு வந்து பார்த்தேன், அதுவும் எரிந்தது. டெஸ்ட் லேம்ப்பைக் கேட்டு வந்த எலக்ட்ரீசியன் தம்பியிடம் அந்தப் பழைய ஒயரைக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுக்கா" என்றான். தெரியும் என்றேன். "அண்ணாச்சி அத மனசுல வச்சிக்கிட்டாரோ?" என்று கேட்டான். டெஸ்ட் லேம்ப்பைத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. நீ மாட்டிய செட்டு யாரையும் கொல்லவில்லை. அப்பா பொய் சொல்லவில்லை, லைட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். இந்த இரண்டையும் ஊர் கேட்க நான் சொல்லிவிட்டேன். ஆனால் இதோடு கடிதத்தை முடித்துவிட என்னால் முடியவில்லை. நம் இரண்டு பேர் மேலும் பழி இல்லை என்பதால் அந்த மனிதர் எழுந்து வந்துவிடவில்லை. எரியாத விளக்கு நம் வண்டியுடையது.

அதனால் பஸ் ஏறி அந்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவிக்கு என் வயதுதான் இருக்கும், கொஞ்சம் குறைவாகவும் இருக்கலாம். முற்றத்தில் உளுந்து காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், துரு, உப்பு, அம்மன் விளக்கு, எல்லாம். கேட்டுக்கொண்டே உளுந்தைக் கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "இப்ப இத எதுக்கு எங்கிட்ட வந்து சொல்லுதிய?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியணும்னு" என்றேன்.

"தெரிஞ்சு? துருவுன்னா என்ன, பாட்டுப் பொட்டின்னா என்ன. எம் பிள்ளையளுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

திரும்பி வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கேட்டாள்.

"அந்த லைட்டு இப்ப எரியுதா?"

"எரியுது."

"ஒங்க வீட்டுக்காரரும் எரியுதுன்னுதான சொன்னாரு" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். பிறகு, "சொன்னா எப்படி? நான் பாக்கணும்லா. வண்டியக் கொண்டாந்து காட்டுங்க" என்றாள்.

வாரோம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கோவில்பட்டி ஆளிடம் பத்து நாள் கழித்து வா என்று சொல்லிவிட்டேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எலக்ட்ரீசியன் தம்பி ஓட்டி வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். விமானத்துக்கு முன்னால் ஒரே ஒரு சாயங்காலத்தை உன்னிடம் கேட்கிறேன். உன் செட்டைச் சாக்கில் கட்டித் திரும்பவும் பரணில் வைத்துவிட்டேன், எடுத்துப் போவதும் விடுவதும் உன் இஷ்டம். அம்மன் படம் இருக்கிறது, அந்த பல்ப்பை மட்டும் கழற்றிவிட்டேன். பொழுது மங்குகிற நேரத்துக்கு அந்த வீட்டு முன்னால் வண்டியை நிறுத்துவோம். நீ உள்ளே உட்கார்ந்து ஸ்விட்சைப் போடு, பிரேக்கை மிதி. பின்னால் அவள் நிற்பாள். நீ அங்கிருந்து கேட்க வேண்டும், எரிகிறதா என்று. எவ்வளவு நேரமானாலும், அவள் வாயால் சொல்கிறவரைக்கும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதே.

அம்மா